கால்டுவெல்லை அறிவோம், எலைசாவை?

தமிழ் விழா மேடைகளில் கால்டுவெல்லின் பெயர் ஒலிக்காத ஆண்டு உண்டா? 1856-இல் வெளிவந்த அவரது ஒப்பிலக்கணத்தை முதலாண்டு மாணவரும் அறிவர். ஆனால், அவர் மனைவி எலைசா இடையன்குடிப் பெண்களுக்கு ரேந்தை பின்னக் கற்றுக் கொடுத்தவர் என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? (ரேந்தை என்றால் லேஸ்தான், போர்த்துகீசியர் வழியாக வந்த சொல்.)

எலைசாவுக்கு அது தாய்வழிச் சொத்து. தாயார் மார்த்தா மால்ட் 1819-இல் கணவருடன் நாகர்கோவிலுக்கு வந்தவர். 1820-களிலேயே பெண்பிள்ளைகளுக்கு இக்கலையைப் பழக்கினார். திருவிதாங்கூரில் அடிமைமுறை சட்டப்படி ஒழிந்தது 1855-இல்தான். அதற்கு முன்பே ரேந்தைக் கூலியைச் சேர்த்துத் தங்களை மீட்டுக்கொண்ட பெண்கள் உண்டு என்கின்றன மிஷனரிக் குறிப்புகள். வடிவங்கள் ஐரோப்பாவினுடையவை, வாங்கியவர்களும் பெரும்பாலும் வெள்ளையர்கள்; மறுப்பதற்கில்லை. ஆனாலும் காசு அப்பெண்களின் கைக்கு வந்ததே!

இவற்றை நான் கேமரன் மலையில்தான் எண்ணிப் பார்த்தேன். தேயிலைத் தோட்டம் ஒன்றில் எங்கள் முகாம். வழக்கமான தன்முனைப்பு உரை, தேர்வு வழிகாட்டி, பரிசளிப்பு. மாலையில் மழை பிடித்துக்கொள்ள, நான் பழகிக் கொண்டிருந்த ரேந்தைத் தலையணையை மண்டபத்தில் எடுத்து வைத்தேன். பழந்துணி அடைத்த தலையணை, குண்டூசிகள், நூல் சுற்றிய மரக்கட்டைகள். கட்டைகளுக்குப் பதில் துணி மாட்டும் மரக் கிளிப்பும் போதும். நான்கு கட்டைகள், இரண்டே அசைவுகள். நடுவிலுள்ள இரண்டில் இடக்கட்டையை வலக்கட்டையின் மேலே கடத்த வேண்டும். பின்பு இரு சோடியிலும் வலக்கட்டையை இடக்கட்டையின் மேலே போட வேண்டும். எத்தனை சோடி சேர்த்தாலும் அடிப்படை இதுதான்.

தோழிகள் இருவர் அரைமணி நேரம் நூலைச் சிக்கலாக்கினர். எட்டிப் பார்த்த மூதாட்டி ஒருவர் மூன்றாம் முறையிலேயே கையைப் பழக்கிவிட்டார். கத்தரியும் இயந்திரமும் வருமுன் கையால் கொழுந்து கிள்ளியவராம்.

"அப்பல்லாம் வெரலு கறை படிஞ்சி கிடக்கும். இந்த வெள்ள நூலத் தொட்டிருக்க முடியுமா?" என்று சிரித்தார். பிறகு கேட்டார்: "ஒரு முழம் பின்னுனா எத்தன வெள்ளி கெடைக்கும்மா?"

பதில் இல்லை. மறுநாள் காலை எங்களுக்குப் பேருந்து.

'படித்துத் தோட்டத்தை விட்டு வெளியேறு' என்பதைத் தவிர நம் முகாம்கள் வேறென்ன சொல்கின்றன? அது தவறன்று. ஆனால் அங்கேயே இருக்கப் போகிறவர்களுக்கு நம்மிடம் ஒரு சொல்லும் இல்லை. மார்த்தா ஒருநாள் உரையாற்றிவிட்டுப் புறப்படவில்லை. ஆண்டுக்கணக்கில் உடன் உட்கார்ந்தார். விற்கவும் வழி செய்தார்.

ஆண்டுக்கு ஐந்து தோட்டங்கள் என்ற கணக்கை விட்டுவிடுவோம். ஒரே தோட்டம், மாதம் ஒருமுறை, நால்வர் போதும். ரேந்தைதான் என்றில்லை, அங்குள்ளவர்கள் விரும்பும் எந்தக் கைத்தொழிலும் ஆகலாம். ஆனால் பாசார் மாலாமில் அதற்கு என்ன விலை கிடைக்கும் என்று விசாரித்த பிறகே நூல் வாங்க வேண்டும். செயலவையினர் இவ்வாண்டு பெயர் கேட்டால், முதலில் என் பெயரை எழுதிக் கொள்ளட்டும்.