குருவிக்கு இரண்டு கண்டம்... பாசிக்கு ஒரு விரிசல்!

பறவைக்கும் பாசிக்கும் என்ன பொருத்தம் என்று கேட்கத் தோன்றும். இரண்டின் வாழ்க்கையையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், இயற்கையின் கணக்கு ஒன்று பிடிபடும்.

முதலில் பறவை. பெயர், மார்ஷ் வார்ப்ளர். சதுப்புநிலக் கதிர்க்குருவி என்று சொல்லலாம். எடை சுமார் 12 கிராம்தான். கோடையில் ஐரோப்பாவின் ஈரமான புதர்களில் கூடு கட்டும். குளிர் தொடங்குவதற்கு முன்பே ஆப்பிரிக்காவின் தென்கிழக்குப் பகுதிக்குப் பறந்துவிடும்.

பறவை உலகின் மிமிக்ரி மன்னன் இது. ஆய்வாளர் பிரான்சுவாஸ் டௌசெட்-லெமேர் 1979-ல் வெளியிட்ட ஆய்வில், இந்த இனம் 212 வகைப் பறவைகளின் குரலைத் தன் பாட்டில் சேர்த்திருப்பது தெரியவந்தது. அவற்றில் பாதிக்கு மேல் ஆப்பிரிக்கப் பறவைகள்! ஒரு குருவிக்கு மட்டும் சராசரியாக 76 குரல்கள் அத்துப்படி. பெல்ஜியத்தில் அது பாடுவதைக் கேட்டே, ஆப்பிரிக்காவில் அது எங்கெல்லாம் இருந்தது என்பதை ஓரளவு ஊகிக்கலாம்.

அடுத்து, வெள்ளிப் பாசி. அறிவியல் பெயர் பிரையம் அர்ஜென்டியம். பூ, விதை, உண்மையான வேர் எதுவும் கிடையாது. இலை நுனியில் பச்சையம் இல்லாததால் வெள்ளி போல மினுங்கும். அண்டார்டிகா உட்பட ஏழு கண்டங்களிலும் இது உண்டு. நடைபாதை விரிசல், பழைய சுவர், கூரை என எங்கும் முளைக்கும். வெயிலில் காய்ந்து சருகானாலும் சாகாது. நாலு சொட்டுத் தண்ணீர் பட்டால் மறுபடி பச்சையாகும். உடைந்த துணுக்கு ஒன்று செருப்பில் ஒட்டிக்கொண்டு போனால், போன இடத்தில் புதுக் குடித்தனம்!

ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பறக்கிற குருவியைவிட, நகரவே தெரியாத பாசி அதிக இடங்களைப் பிடித்திருக்கிறது. காரணம், தேவை. பாசிக்குக் கொஞ்சம் ஈரமும் ஒரு விரிசலும் போதும். குருவிக்கோ இரண்டு கண்டங்களிலும் வாழிடம் வேண்டும். நடுவே இளைப்பாறவும் இடம் வேண்டும். சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தாலும் சிக்கல்தான். உலக அளவில் இந்த இனத்துக்கு இப்போது ஆபத்தில்லை. ஆனால், பிரிட்டனில் கூடு கட்டும் ஜோடிகள் விரல்விட்டு எண்ணும் அளவுக்குக் குறைந்துவிட்டன.

சதுப்பு நிலத்தை மண்கொட்டி மூடிக் கட்டடம் எழுப்பினால், அந்தச் சுவரிலும் வெள்ளிப் பாசி குடியேறிவிடும். ஆனால், அடுத்த கோடையில் 76 குரல்களோடு திரும்பி வரும் குருவிக்கு, உட்கார்ந்து பாட ஒரு கிளை இருக்காது.