உலைக்களம் புகும் வெள்ளிக்காசுகள்

பழைய வெள்ளிக்காசுகளைத் தேடித் தொகுத்து வைப்பாரைக் கண்டால் சிலர் நகைப்பர். பொருளாசை கொண்டார் என்று சிலர் பழிப்பர். இவ்விரு கூற்றும் ஆராயாது உரைப்பனவே என்பது நம் கருத்து. பிற ஊரினரைவிட ஆத்தூர்ப் பகுதி மக்களாகிய நாம் இதனை எண்ணிப் பார்த்தல் இன்றியமையாதது. நமக்கு மேற்கே சேலத்தில், செவ்வாய்ப்பேட்டையிலும் அதனைச் சூழ்ந்த பகுதிகளிலும் வெள்ளிக் கொலுசுத் தொழில் நெடுங்காலமாக நடைபெற்று வருகின்றது. 2025-ஆம் ஆண்டில் வெள்ளியின் விலை முன் எக்காலத்தும் இல்லாத உயரத்தைத் தொட்டது. விலை ஏறுந்தோறும் வீட்டுப் பெட்டியின் அடியில் கிடந்த ராணி தலை ரூபாய் வெளியே வருகின்றது, தராசில் ஏறுகின்றது, உலையில் இறங்கிக் கட்டி வெள்ளியாகின்றது. கொலுசுத் தொழிலாளரை நாம் குறை கூறவில்லை. அவர்க்கு வெள்ளி வெள்ளிதான். வறுமையால் விற்பாரையும் குறை கூறோம். தம் கையில் இருப்பது இன்னதென்று அறியாமல் எடைக்குக் கொடுப்பாரை நினைந்தே இதனை எழுதுகின்றோம்.

ரூபாய் என்னும் வெள்ளிக்காசைச் செம்மைப்படுத்தி வெளியிட்டவர் 1540 முதல் 1545 வரை ஆண்ட ஷேர்ஷா சூர். முகலாயர் அதனைப் பின்பற்றினர். கிழக்கிந்தியக் கம்பெனியார் 1835-ஆம் ஆண்டுச் சட்டத்தால் தம் ஆட்சிப் பகுதி முழுமைக்கும் ஒரே ரூபாயை நிறுவினர். அதன் எடை 180 கிரெயின்; இன்றைய கணக்கில் 11.66 கிராம். பன்னிரண்டில் பதினொரு பங்கு தூய வெள்ளி. இவ்வெடையே தோலா என்னும் நிறுத்தலளவாகவும் வழங்கிற்று. ஸகாத் கடமையாவதற்கு ஐம்பத்திரண்டரைத் தோலா வெள்ளி என்று நம் பெரியோர் வழிவழியாகச் சொல்லிவரும் கணக்கிற்கும் இக்காசிற்கும் உள்ள உறவை மாணவர் பலர் அறியார். இருநூறு திர்ஹம் என்னும் பழைய அளவை நம் நாட்டார் தம் கைக்காசின் எடையால் சொல்லிக்கொண்டனர். திர்ஹம் என்பதும் கிரேக்கரின் திரக்மா என்பதன் வழிவந்த சொல்லே. தமிழ்க் கல்வெட்டுகளில் அது திரமம் என நிற்கின்றது. ஒரு வெள்ளிக்காசின் பெயர் எத்தனை கடல்களைக் கடந்திருக்கின்றது!

வெள்ளி கொண்டுவந்தார்க்கெல்லாம் ரூபாய் அடித்துக் கொடுத்துவந்த அக்கசாலைகள் 1893-இல் பொதுமக்களுக்குக் கதவடைத்தன. முதல் உலகப்போரில் வெள்ளி அரிதாகவே, 1917 நவம்பர் 30 அன்று ஒரு ரூபாய்த் தாள் வெளிவந்தது. மறு ஆண்டில் அமெரிக்க அரசு 27 கோடிக்கு மேற்பட்ட தன் வெள்ளி டாலர்களை உருக்கிற்று. அவ்வெள்ளியின் பெரும்பகுதி இந்தியாவின் தேவைக்கென விற்கப்பட்டது. ஆகவே 1918-ஐ ஒட்டிய ஆண்டுகளின் ரூபாய் எவர் வீட்டிலேனும் இருப்பின், அதிலுள்ள வெள்ளி ஒருகால் அமெரிக்கக் காசாய் இருந்ததாகவும் இருக்கலாம். இரண்டாம் போரின்போது, 1940-இல், வெள்ளி பாதியாகக் குறைந்தது. 1947-இல் ரூபாய் நிக்கல் காசாயிற்று. பாடநூலில் பல பக்கம் படித்தும் மனத்தில் நில்லாத பொருளியல் வரலாறு, உள்ளங்கையில் நான்கு காசுகளை வரிசையாக வைத்தால் விளங்கிவிடுகின்றது.

இனி நம் ஊர்க்கு வருவோம். வசிட்ட நதிக்கரையில் நிற்கும் ஆத்தூர்க் கோட்டை, கெட்டி முதலிகள் காலத்தில் புதையற் பொருளைக் கொண்டு கட்டப்பட்டதென்று ஒரு கதை வழங்குகின்றது. கதை கிடக்கட்டும். 1792-ஆம் ஆண்டுச் சீரங்கப்பட்டின உடன்படிக்கைக்கு முன்னர் இப்பகுதி மைசூர் ஆட்சியில் இருந்தது மெய். ஹைதர் அலி தம் பொன் வராகனில் சிவன் பார்வதி உருவத்தை அப்படியே விட்டு, மறுபுறம் தம் பெயரின் முதலெழுத்தை மட்டும் பொறித்தார். திப்பு சுல்தானோ தம் வெள்ளிக்காசுகளுக்கெல்லாம் பெயர் சூட்டினார். இரட்டை ரூபாய் ஹைதரி, ரூபாய் இமாமி, அரை ரூபாய் ஆபிதி, கால் ரூபாய் பாகிரி. இப்பெயர்கள் எவரெவரைக் குறிக்கின்றன என்பது இக்கல்லூரி மாணவர்க்கு விளக்க வேண்டுவதன்று. ஆர்க்காட்டு ரூபாய் இவற்றினும் வியப்புடையது. 1759-இல் கொலையுண்ட முகலாயப் பேரரசர் இரண்டாம் ஆலம்கீரின் பெயரையும், ஹிஜ்ரி 1172 என்னும் ஆண்டையும் மாற்றாமலே கம்பெனியார் அதனைப் பத்தொன்பதாம் நூற்றாண்டிலும் அடித்து வந்தனர். இறந்தாரின் பெயரால் நாணயம்! கோபுரமும் திருமாலும் பொறித்த சென்னை வெள்ளி அரை வராகனிலோ ஆங்கிலம், பாரசீகம், தமிழ், தெலுங்கு என நான்கு மொழி எழுத்துகளைக் காணலாம்.

இங்கேதான் நாம் வற்புறுத்திச் சொல்ல விரும்புவது ஒன்றுண்டு. இக்காசுகளைப் படிக்க அரபு வரிவடிவம் அறிந்திருத்தல் வேண்டும். இவை வழங்கிய மண்ணை விளங்கிக்கொள்ளத் தமிழ் அறிந்திருத்தல் வேண்டும். இளமையில் மத்ரஸாவில் எழுத்துக் கூட்டப் பயின்று, பின்னர்த் தமிழிலக்கியம் கற்க வரும் மாணவரிடம் இவ்விரண்டும் ஒருங்கே அமைந்துள்ளன. வேறு எவர்க்கும் எளிதில் வாய்க்காத இப்பேற்றை நாம் வீணே விட்டுவைத்திருக்கின்றோம்.

காசு தொகுத்தார் செய்த தொண்டு சிறிதன்று. தினமலர் ஆசிரியராயிருந்த இரா. கிருஷ்ணமூர்த்தி காசுகளைத் தேடித் தொகுத்து ஆய்ந்தவர். கரூர் அமராவதி ஆற்றுப் படுகையில் கிடைத்த வெள்ளிக்காசில் ஓர் அரசனின் தலையையும், அதன் மேல் தமிழ் பிராமி எழுத்தில் 'மாக்கோதை' என்ற பெயரையும் அவர் ஆராய்ந்து உலகறியச் செய்தார். சங்க காலச் சேரரைப் பாட்டில் மட்டுமே அறிந்திருந்த நாம் அதன்பின் அவர்தம் முகத்தையும் காண நேர்ந்தது. கரூரில் கிடைத்த வேறொரு சேரர் காசில் 'கொல்லிப்புறை' என்றிருப்பதாகப் படித்துள்ளனர். கொல்லிமலை நமக்கு எத்தனை அண்மையது! மதுரைச் சுல்தான்களின் வரலாறும் இத்தகையதே. இப்னு பதூதாவின் பயண நூல் ஓரளவிற்கே துணை செய்கின்றது. அவர் நீங்கிய பின் ஆண்டாருள் சிலரின் பெயரையும் ஆண்டையும் பெரும்பாலும் காசுகள்தாம் காத்துத் தந்தன. அவற்றை அக்காலத்தே எவரேனும் உருக்கிப் பாத்திரம் செய்திருப்பின் அவ்வரசர்கள் இல்லாதவர்களே ஆகியிருப்பர்.

இத்துறையில் கள்ளமும் உண்டு. இராமர் பட்டாபிடேகக் காட்சியும் 1818 என்ற ஆண்டும் பொறித்த தகட்டைக் கம்பெனிக் காசென்று சொல்லி, அரிசியை இழுக்கும், இலட்சக்கணக்கில் விலைபோகும் என்று ஏய்ப்பார் உளர். அத்தகைய காசைக் கம்பெனி வெளியிட்டதே இல்லை. நிலத்தைத் தோண்டுங்கால் கிடைப்பது வேறு வழக்கு: 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டத்தின்படி, பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புடையதாயின் ஆட்சியர்க்குத் தெரிவித்தல் கடமை. மறைத்து விற்பது தொகுப்பாகாது, அது திருட்டே. நூறாண்டு கடந்த காசை வெளிநாட்டிற்கு அனுப்புதலை 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டம் தடுக்கின்றது. பழங்காசைப் புளியும் சாம்பலும் இட்டுத் துலக்கும் வழக்கமும் ஒழிதல் நன்று. பளபளப்பு வரும், எழுத்துத் தேயும்.

எல்லாரும் காசு வாங்கிக் குவிக்க வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. மாணவர்க்கு அதற்குப் பொருள் ஏது? தமிழ்த்துறை ஒரு பதிவேடு தொடங்கலாம். ஆத்தூர், நரசிங்கபுரம், தம்மம்பட்டி, கெங்கவல்லி எனத் தத்தம் ஊர்க்குச் செல்லும் மாணவர், வீட்டு முதியோரிடமுள்ள காசின் இருபுறத்தையும் படமெடுத்து, எடையும் எழுத்தும் குறித்து, அது எவ்வாறு அக்குடும்பத்திற்கு வந்தது என்பதையும் கேட்டெழுதி வரட்டும். மஹராக வந்ததா, நெல் விற்று வந்ததா, கடல் கடந்து சென்றவர் அனுப்பியதா என்பதை அக்காசு சொல்லாது. அந்த மூதாட்டியே சொல்ல வேண்டும். காசை அவரிடமே விட்டுவிடலாம். ஆயினும் அடுத்த முறை விலை ஏறி அது சேலத்துக்கே போய்விடினும், அதன் வரலாறு நம் பதிவேட்டில் இருக்கும்.