முன்னாலயா, பின்னாலயா?

கல்யாண வீட்டில் பந்தி முதலில், மொய் முதலிலா என்பது மாதிரி, எந்தக் காலத்திலும் தீராத சில கேள்விகள் உண்டு. அதில் ஒன்று மாசக் கடைசியில்தான் தலைகாட்டும். காரில் ரெண்டு டயர் மொட்டை. மற்ற ரெண்டும் ‘ஏதோ இருக்கேன்’ ரகம். நாலும் மாற்ற பட்ஜெட் இடம் கொடுக்கவில்லை. கடன் அட்டையைத் தேய்த்து ரெண்டு புது டயர் வாங்கியாயிற்று. இப்போது அதை முன்னால் மாட்டுவதா, பின்னால் மாட்டுவதா?

பெரம்பலூர் நான்கு ரோட்டில் ஒரு டீயை வாங்கிக்கொண்டு இந்தக் கேள்வியைச் சும்மா காற்றில் விட்டுப் பாருங்கள். டீ ஆறுவதற்குள் பதினோரு அபிப்பிராயம் வந்து சேரும். பத்துப் பேர் “முன்னாலதான் சார், இதுல என்ன சந்தேகம்?” என்பார்கள். பதினோராவது ஆள் “பேசாம வண்டியை வித்துடுங்க” என்பார். (அவர் புரோக்கர்.)

இத்தனைக்கும் டயர் எங்களுக்குப் புதுசு இல்லை. பெரம்பலூர் பக்கத்தில் நாரணமங்கலத்தில் எம்.ஆர்.எஃப். ஆலையே இருக்கிறது. 1946ல் சென்னை திருவொற்றியூரில் பிள்ளைகள் ஊதும் பலூன் செய்ய ஆரம்பித்த கம்பெனி அது. காற்றடைக்கிற தொழிலில் பலூனிலிருந்து டயருக்குப் பிரமோஷன்! ஊரிலேயே டயர் செய்கிறார்கள். ஆனால் எந்தப் பக்கம் மாட்டுவது என்பதில் மட்டும் ஊர் ரெண்டு பட்டுக் கிடக்கிறது. சரியாகச் சொன்னால், பத்துக்கு ஒன்று.

முன்னால் கட்சியின் வாதத்தை முதலில் கேட்டுவிடுவோம். ஸ்டீயரிங் திருப்புவது முன்சக்கரத்தை. மாருதி 800 வந்த 1983லிருந்து நம்ம ஊரின் பெரும்பாலான சின்னக் கார்களில் இழுப்பதும் முன்சக்கரம்தான். பிரேக் போட்டால் அதிக பாரம் தாங்குவதும் அதே. தேய்வதும் அதுதான் வேகமாக. அப்படியானால் புது டயர் அதுக்குத்தானே நியாயம்?

நான் பி.காம். படித்தவன். இந்த வாதம் காதுக்கு இனிமையாகத்தான் இருக்கிறது. உழைக்கிறவனுக்குத்தானே போனஸ்? ஆனால் டயர் போனஸ் இல்லை சார், இன்ஷூரன்ஸ்! போனஸ் உழைப்பைப் பார்த்துக் கொடுப்பது. இன்ஷூரன்ஸ், எந்தப் பக்கம் இடிந்தால் குடும்பமே நடுத்தெருவுக்கு வருமோ அந்தப் பக்கம் பார்த்துப் போடுவது. ரெண்டையும் ஒரே லெட்ஜரில் எழுதினால் ஆடிட்டர் அடிக்க வருவார்.

எங்கள் சித்தப்பா ஒருத்தர். அரியலூர் சிமெண்ட் லோடு அடித்தே ரிட்டையர் ஆனவர். முன்னால் கட்சியின் நிரந்தரத் தலைவர்.

“டேய் தம்பி, முப்பது வருஷம் லாரி ஓட்டியிருக்கேன். முன்னாடி எப்பவும் கம்பெனி டயர். பின்னாடிதான் ரீட்ரெட். மாத்திப் போட்டவன் எவனும் வீடு போய்ச் சேர்ந்ததில்ல!”

“லாரிக்கு நீங்க சொல்றது நூத்துக்கு நூறு சரி சித்தப்பா.”

“அப்புறம் என்ன? லாரிக்கு ஒரு ரோடு, காருக்கு ஒரு ரோடா போட்டிருக்கான்?”

இங்கேதான் முடிச்சு. சுண்ணாம்புக்கல்லும் சிமெண்டும் லாரி லாரியாகப் போகிற ஊர் எங்களுடையது. டயர் பற்றிய எங்கள் ஞானம் முழுக்க லாரி டிரைவர்களிடமிருந்து வந்த சீதனம். லாரியைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். சாதாரண ஆறு சக்கர லாரியில் முன்னால் பக்கத்துக்கு ஒரு டயர்தான். பின்னால் பக்கத்துக்கு ரெண்டு, ஜோடி போட்டிருக்கும். பின்னால் ஒன்று வெடித்தால் பக்கத்து டயர் ‘நான் பார்த்துக்கறேன், நீ போ’ என்று தாங்கிக்கொள்ளும். முன்னால் வெடித்தால் தாங்க ஆளில்லை. அதனால் நல்லது முன்னால், ரீட்ரெட் பின்னால். அமெரிக்காவில் பஸ்ஸின் முன்சக்கரத்துக்கு ரீட்ரெட் டயர் போடக்கூடாது என்று சட்டமே இருக்கிறது. சித்தப்பா அமெரிக்கா போகாமலேயே அதைக் கண்டுபிடித்தவர்.

ஆனால் காரில் பின்னால் ஜோடி டயர் கிடையாது. லாரிக்குப் பொருத்தமான வேட்டியைக் காருக்குக் கட்டினால் அவிழத்தானே செய்யும்?

சரி, காரில் என்ன ஆகிறது? ஆபீஸ் கதையாகவே சொல்கிறேன். ஆபீஸில் ரெண்டு வகை ஆட்கள். ஒருத்தர் லீவு வேண்டுமென்றால் முதல் நாளே வந்து, “சார், நாளைக்கு வயிற்று வலி வரும் போலிருக்கு” என்று தலையைச் சொறிவார். அவர் முன்டயர். இன்னொருத்தர் மார்ச் 31ம் தேதி சாயங்காலம் கணக்கு முடிக்கிற நேரத்தில், ஒரு வார்த்தை சொல்லாமல் மறைந்துவிடுவார். அவர் பின்டயர்.

மழையில் வளைவு திரும்புகிறீர்கள். முன்டயர் பிடிப்பை விட்டால் ஸ்டீயரிங் திடீரென்று லேசாகிவிடும். கைக்கே தெரியும். வண்டி நீங்கள் திருப்பினபடி திரும்பாமல் நேராகப் போகப் பார்க்கும். பயத்தில் யாராக இருந்தாலும் காலை ஆக்ஸிலரேட்டரிலிருந்து எடுப்போம். அதுதான் சரியான வைத்தியமும். வேகம் குறையும், பாரம் முன்னால் வரும், பிடிப்பு திரும்பக் கிடைக்கும்.

பின்டயர் விட்டால்? ஸ்டீயரிங்கில் ஒரு சேதியும் வராது. வண்டியின் பின்பக்கம் தானாக வெளியே வீசும். பயத்தில் அதே மாதிரி காலை எடுப்போம், பிரேக்கையும் மிதிப்போம். பாரம் முன்னால் போக, ஏற்கெனவே பிடிப்பில்லாத பின்பக்கம் இன்னும் லேசாகும். வைத்தியமே வியாதியாகிவிடும்! வீசுகிற திசையிலேயே ஸ்டீயரிங்கை அந்தக் கணமே திருப்பி, பதறாமல், அளவாகத் திரும்ப நேராக்க வேண்டும். பந்தயக்காரர்கள் செய்வார்கள். பின்சீட்டில் மாமியார், மடியில் தூக்குச்சட்டி சாம்பார் சகிதம் போகிற நம்மால் ஆகிற காரியமா? திருச்சிக்குக் கிளம்பின வண்டி சென்னையைப் பார்த்து நிற்கும். அப்படி நின்றாலும் புண்ணியம்தான்.

ஏன் புண்ணியம் என்கிறேன் என்றால், சுற்றுகிற வண்டி பெரும்பாலும் பக்கவாட்டில்தான் போய் எதிலாவது மோதும். நேராக மோதினால் உங்களுக்கும் மரத்துக்கும் நடுவே பானட் இருக்கிறது, இன்ஜின் இருக்கிறது, நசுங்கிக் கொடுக்கவே செய்த தகடு இருக்கிறது. பக்கவாட்டில் ஒரு கதவு. அந்தக் கதவுக்கு இந்தப் பக்கம், பின்சீட்டில், ஜன்னல் ஓரம் எனக்குத்தான் என்று சண்டை போட்டு ஜெயித்த உங்கள் பிள்ளை.

இவ்வளவுதான் விஷயம். முன்டயர் சரியில்லை என்றால் வண்டி சொல்லும். பின்டயர் சரியில்லை என்றால் சொல்லாது. அதனால் நல்ல டயர் பின்னால். முன்சக்கரம் இழுக்கிற கார், பின்சக்கரம் தள்ளுகிற கார், எதுவானாலும் இதேதான். மிஷலின் போன்ற டயர் கம்பெனிகள் சொல்வதும் இதைத்தான்.

“காஞ்ச ரோட்டுல தினமும் ஓட்டறேன், ஒண்ணும் ஆகலையே” என்பீர்கள். வெயிலில் எல்லா டயரும் யோக்கியன்தான். தண்ணீர் வந்தால்தான் சாயம் வெளுக்கும். டயரில் பட்டன் வெட்டியிருப்பது அழகுக்கில்லை, அது வாய்க்கால். சக்கரத்துக்கு அடியில் வருகிற தண்ணீரை வெளியே தள்ளும் வடிகால். அது தேய்ந்தால் தண்ணீர் போக வழியில்லாமல் டயரையே தூக்கிவிடும். வண்டி ரோட்டில் போகாது, தண்ணீர் மேல் போகும். பரிசலுக்குப் பிரேக் உண்டா?

1963ல் அமெரிக்காவின் நாசா விஞ்ஞானிகள் விமானச் சக்கரங்களை வைத்து இதற்கு ஒரு கணக்கே போட்டார்கள். பட்டனால் வெளியேற்ற முடியாத அளவு தண்ணீர் நின்றால், டயர் எந்த வேகத்தில் மிதக்கும் என்பது உள்ளே இருக்கிற காற்றழுத்தத்தைப் பொறுத்தது. 30 பவுண்டு காற்று இருந்தால் சுமார் 91 கிலோமீட்டர் வேகம். காற்று 20 பவுண்டுக்கு இறங்கிவிட்டால் சுமார் 75 கிலோமீட்டரிலேயே மிதக்கும். நாலுவழிச் சாலையில் 75 என்பது, நம்மாள் ஒரு கையில் முறுக்கு தின்றுகொண்டே போகிற வேகம்!

தண்ணீரைக் குறைத்து மதிப்பிடக் கூடாது என்று எங்கள் மண்ணுக்குச் சொல்லித்தரவே வேண்டாம். அரியலூர் பூமி ஒரு காலத்தில் கடலாக இருந்தது. டைனோசர் காலத்துக் கடற்பிராணிகள் சுண்ணாம்புப் பாறையில் இன்னும் பதிந்து கிடக்கின்றன. வாரணவாசியில் அதற்கு அருங்காட்சியகமே இருக்கிறது. 1956 நவம்பர் 23 விடிகாலையில், பெருமழையில், மருதையாற்றுப் பாலத்தருகே தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் கவிழ்ந்தது. நூறு பேருக்கு மேல் இறந்தார்கள். ரயில்வே மந்திரி லால் பகதூர் சாஸ்திரி பொறுப்பேற்று ராஜினாமா செய்தார். அத்தனை டன் இரும்பையே தண்ணீர் புரட்டிப் போட்ட ஊர் இது. நம்ம சின்னக் கார் அதற்கு வெறும் கடலைப் பொட்டலம்.

இனி, எனக்கு வரப்போகிற கடிதங்களுக்கு முன்கூட்டியே பதில்.

‘முன்டயர் வெடித்தால்?’ நல்ல கேள்வி. வெடிக்கிற நிலைமையில் இருக்கிற டயரை முன்னாலும் போடாதீர்கள், பின்னாலும் போடாதீர்கள். பிள்ளைகள் ஊஞ்சல் கட்டட்டும். நான் பேசுவது ‘புதுசு’க்கும் ‘சுமாரு’க்கும் நடுவில்தான். புதுசுக்கும் மொட்டைக்கும் நடுவில் இல்லை.

‘பழசு முன்னால் போனால் ஈர ரோட்டில் பிரேக் பிடிக்க நேரமாகுமே?’ ஆகும். மறுக்கவில்லை. அதனால் இடைவெளி விட்டு ஓட்டுங்கள். நேராகப் போய்ச் சற்றுத் தள்ளி நிற்பதற்கும், சுழன்றுபோய் எங்கேயோ நிற்பதற்கும் வித்தியாசம் உண்டு.

‘முன்னால் போட்டால்தானே பக்கத்து வீட்டுக்காரர் பார்ப்பார்?’ இதற்கு என்னிடம் பதில் இல்லை. வேண்டுமானால் தினமும் ரிவர்ஸிலேயே வீட்டை விட்டுக் கிளம்புங்கள்.

கடைக்குப் போனால் செய்ய வேண்டியது மூன்றுதான்.

ஒன்று, “புதுசு ரெண்டும் பின்னால, பின்னால இருந்தது முன்னால” என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். கடைக்காரர் உங்களை விநோதமாகப் பார்ப்பார். “என்ன சார், தலைகீழா சொல்றீங்க?” என்பார். அசையாதீர்கள். கழற்றி மாற்றுவதற்குக் கூடக் கொஞ்சம் கூலி கேட்டாலும் கொடுத்துவிடுங்கள். புது டயர் விலையில் அது கறிவேப்பிலை.

ரெண்டு, முன்னால் போகப் போகிற பழசைக் குனிந்து பாருங்கள். பட்டனுக்கு நடுவே பள்ளத்தில் சின்ன மேடு இருக்கும். பட்டன் தேய்ந்து அந்த மேட்டுக்குச் சமமாகிவிட்டால் ஆழம் 1.6 மில்லிமீட்டர்தான் மிச்சம். அதுதான் காருக்குச் சட்டப்படி கடைசி எல்லை. எல்லைக்கு வரும்வரை காத்திருக்க இது பாகிஸ்தான் பார்டர் இல்லை, அதற்கு முன்பே மாற்றுங்கள். பக்கவாட்டில் நாலு இலக்க எண் ஒன்றும் இருக்கும். 2319 என்றால் 2019ம் வருஷம் 23வது வாரம் பிறந்த டயர். பட்டன் இருந்தாலும் வயசானால் ரப்பர் இறுகிப் போகும். சாத்தனூர் கல்மரம் பார்க்கத்தான் நன்றாக இருக்கும், மாட்டிக்கொண்டு ஓட்ட முடியாது.

மூன்று, காற்று. வாரம் ஒருமுறை பிடிக்கிற காற்றுக்கு இணையான மலிவான ஆயுள் காப்பீடு கிடையாது. ஸ்டெப்னிக்கும் சேர்த்துப் பிடியுங்கள். அதுவும் நம் வீட்டுப் பிள்ளைதான்.

இந்த முன்-பின் தகராறே வராமல் இருக்க வழி உண்டா என்றால், உண்டு. எட்டாயிரம், பத்தாயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறை முன்டயரைப் பின்னாலும் பின்டயரை முன்னாலும் மாற்றிக்கொண்டே வந்தால் நாலும் ஒன்றாகத் தேயும். நாலையும் ஒன்றாக மாற்றலாம். கழற்றி மாட்டுவது எங்கள் பக்கம் புதிதா என்ன? 1995ல் திருச்சியிலிருந்து பெரம்பலூர் மாவட்டத்தைக் கழற்றினார்கள். 2001ல் அதிலிருந்து அரியலூரைக் கழற்றினார்கள். 2002ல் திரும்ப மாட்டினார்கள். 2007ல் மறுபடி கழற்றினார்கள். ஒரு மாவட்டமே இத்தனை ரொட்டேஷன் தாங்கும்போது டயர் தாங்காதா?

இவ்வளவையும் சித்தப்பாவிடம் ஒப்பித்தேன். முழுதும் பொறுமையாகக் கேட்டார். வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து, “கார் விஷயத்துல நீ சொல்றது சரிதான் போலருக்கு. பின்னாடி வர்றதுங்களைத்தான் முதல்ல கவனிக்கணும்” என்றார்.

அவருக்கு ஏழு பேரன் பேத்திகள். கார் சீட்டைச் சொன்னாரா, டயரைச் சொன்னாரா, தெரியவில்லை. எதுவானாலும் சரிதான்.