வால்வு பாடட்டும், குடத்தை வேறொருவர் அடிக்கட்டும்!



எங்கள் அஞ்சுகிராமம் பக்கம் பழைய வீட்டுப் பரண்களில் வால்வு செட்டுகள் இன்னும் ஒன்றிரண்டு கிடக்கத்தான் செய்கின்றன. நம்ம பையன்கள் அவற்றை இறக்கி, கண்டன்சர் மாற்றி, மறுபடி பாட வைக்கிறார்கள். நல்ல காரியம்! ஆனால் மறுநாளே, "மக்கா, பேஸ் பத்தாதுலே" என்று 12 அங்குல வூஃபரையும் அதன் தலையில் கட்டிவிடுகிறார்கள். இது கூடாது என்பதே என் கருத்து.

ஒற்றை இ.எல்.84 வால்வு தருவது சுமார் 5 வாட்தான். அதுவும் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் வழியாக வர வேண்டும். அதிர்வெண் பாதியானால், அதே வோல்டேஜுக்குக் கோரில் காந்தப்பாயம் இரட்டிப்பாகும். 80 ஹெர்ட்ஸில் சமாளிக்கிற சிறிய கோர் 40-ல் திணறும். அப்போது பேஸ் மட்டுமல்ல, பாடகர் குரலும் சேர்ந்தே கரகரக்கும்.

"கிராஸ்ஓவர் போட்டாப் போச்சு" என்பார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஸ்பீக்கர் பக்கம் 8 ஓமுக்கு 80 ஹெர்ட்ஸில் பிரிக்க 16 மில்லி ஹென்றி காயிலும் 250 மைக்ரோ ஃபாரட் கண்டன்சரும் வேண்டும். அவ்வளவு கம்பியின் ரெசிஸ்டன்ஸே கொஞ்சம் பவரைத் தின்றுவிடும். வூஃபரின் இம்பிடன்ஸும் 8 ஓமில் நிற்காது. எல்லாம் சரியாக அமைந்தாலும், பேஸ் முழுவதும் அதே டிரான்ஸ்ஃபார்மர் வழியாகத்தானே வருகிறது?

நம்ம ஊர்க் கொடையில் வில்லுப்பாட்டு பார்த்திருப்பீர்கள். பாடுகிறவர் வீசுகோலால் வில்லை அடிப்பார். குடம் அடிக்கத் தனி ஆள் உண்டு. அந்த ஏற்பாடுதான் இங்கேயும் வேண்டும்.

சிக்னலை ஆம்பிளிஃபயருக்கு முன்பே இரண்டாகப் பிரியுங்கள். ஒரு கிளையில் 10 கிலோ ஓம் ரெசிஸ்டரும், அதிலிருந்து கிரவுண்டுக்கு 0.22 மைக்ரோ ஃபாரட் கண்டன்சரும் போட்டு, ஒரு ஆப்-ஆம்ப் பஃபர் வழியாக டி.டி.ஏ.7294 போர்டுக்குக் கொடுங்கள். சப்வூஃபரை அது ஓட்டட்டும். வால்வுக்குப் போகும் கிளையில் 4.7 நானோ ஃபாரட் கண்டன்சர் தொடராக, 470 கிலோ ஓம் கிரவுண்டுக்கு. இரண்டுமே சுமார் 72 ஹெர்ட்ஸில் பிரியும். பெரிய காயிலின் வேலையைச் சில்லறைக் காசுக் கண்டன்சர் செய்துவிடும்! கடைசியில் சப்வூஃபரின் பிளஸ், மைனஸை ஒருமுறை மாற்றிப் பாருங்கள். எதில் பேஸ் நிறைவாகக் கேட்கிறதோ அதுவே சரி.

ஒரு எச்சரிக்கை. யு.எல்.84, யு.சி.எச்.81 என்று 'யு'-வில் தொடங்கும் வால்வுகள் உள்ள பழைய ரேடியோக்கள் பலவற்றில் மெயின்ஸ் டிரான்ஸ்ஃபார்மர் கிடையாது. சேஸிஸே நேராகக் கரண்டில் நிற்கும். அதில் வெளி ஆம்பிளிஃபயரை இணைத்தால் தொடுகிறவர் உயிருக்கே ஆபத்து. அந்த செட்டுகளை இந்த வேலைக்கு எடுக்கவே வேண்டாம். டிரான்ஸ்ஃபார்மர் உள்ள செட்டிலும் சுவிட்சை அணைத்த பிறகும் கண்டன்சரில் 250 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கலாம். அதை டிஸ்சார்ஜ் செய்து, மீட்டரால் பார்த்த பிறகே கை வையுங்கள். ஸ்பீக்கர் இணைக்காமல் வால்வு செட்டை ஓட்டவும் கூடாது, டிரான்ஸ்ஃபார்மர் போய்விடும்.

ஒரு காலத்தில் பெங்களூரு பாரத் எலெக்ட்ரானிக்ஸிலேயே வால்வு தயாரானது. இன்று ஸ்லோவாக்கியா, சீனா என்று வெளிநாட்டுச் சரக்கைத்தான் தேட வேண்டும். கையில் இருப்பதை பேஸ் ஆசைக்குப் பலி கொடுக்கலாமா? சால்டரிங் அயர்னைச் சூடாக்கும் முன் பேப்பரில் கணக்குப் போடுவோம். நாம் படிக்கிற டிப்ளமோவுக்கு அதுதான் மரியாதை!