சிக்கனம் யார் தட்டில் கைவைக்கிறது?

அரசிடம் பணம் இல்லை என்ற பேச்சு எழும்போதெல்லாம் எல்லோருடைய கண்ணும் முதலில் அரசு ஊழியரின் சம்பளத்தின் மீதுதான் விழுகிறது. "வரிப்பணமெல்லாம் சம்பளத்துக்கும் ஓய்வூதியத்துக்குமே போகிறது" என்று டீக்கடையிலும் சொல்கிறார்கள், தொலைக்காட்சி விவாதத்திலும் சொல்கிறார்கள். அன்றாடக் கூலிக்குப் போகிறவருக்கு அது நியாயமாகவே படும். ஆனால், சிக்கனம் என்ற பெயரில் உண்மையில் யாருடைய வருமானம் குறைகிறது என்பதைப் பார்க்க வேண்டும்.

2003 ஏப்ரல் 1 முதல் தமிழ்நாட்டில் அரசுப் பணியில் சேர்ந்தவர்களுக்குப் பழைய ஓய்வூதியத் திட்டம் இல்லை என்றானது. அந்த ஆண்டு ஜூலையில் வேலைநிறுத்தம் செய்த ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டோர் ஒரே நேரத்தில் பணிநீக்கம் செய்யப்பட்டார்கள். கொரோனா காலத்தில், 2020இல், அகவிலைப்படி உயர்வு நிறுத்தப்பட்டது. ஈட்டிய விடுப்பைச் சரண்டர் செய்து பணம் பெறுவதும் நின்றது. அகவிலைப்படி உயர்வு 2022 ஜனவரியில் திரும்பியது. சரண்டர் 2025 அக்டோபரில்தான் திரும்பியது.

இவை பெரிய இழப்புகள்தான். என்றாலும் நிரந்தர ஊழியருக்குப் பணியிடம் என்று ஒன்று இருக்கிறது. கேட்பதற்குச் சங்கம் இருக்கிறது. இன்று நின்றது நாளை திரும்பலாம். கடைநிலையிலோ சம்பளத்தை வெட்டுவதில்லை, பணியிடத்தையே வெட்டுகிறார்கள். ஓய்வு பெற்றவரின் இடம் நிரப்பப்படாமல் கிடக்கிறது. சில ஆண்டுகள் கழித்து அதே வேலை ஒப்பந்ததாரரிடம் போகிறது. துப்புரவு, காவல், மருத்துவமனைப் பணி என்று அப்படிப் போகும் வேலைகளைப் பாருங்கள். அவற்றில் தலித் மக்கள் எத்தனை பேர் என்பதை எந்த ஊர்க்காரருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை.

ஒப்பந்தத்துக்கு மாறும்போது என்ன ஆகிறது என்பதைச் சென்னை காட்டியது. 2025 ஆகஸ்டில் ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் தூய்மைப் பணி தனியாரிடம் ஒப்படைக்கப்பட்டபோது, தொழிலாளர்கள் ரிப்பன் மாளிகை முன்பு 13 நாட்கள் அமர்ந்திருந்தார்கள். மாதம் சுமார் 23,000 ரூபாய் பெற்றுவந்தவர்களுக்குத் தனியார் நிறுவனம் தர முன்வந்தது சுமார் 17,000 ரூபாய். தெருவும் குப்பையும் கூட்டும் கைகளும் அவைதான். குறைந்தது கூலி மட்டும்தான்.

நம் கிராமங்களில் நிலைமை இன்னும் மோசம். வீடு வீடாகக் குப்பை வாங்கும் தூய்மைக் காவலரின் மாத மதிப்பூதியம் 3,600 ரூபாயாக இருந்து 5,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. அகவிலைப்படி என்பது அடிப்படை ஊதியத்தில் இத்தனை சதவீதம் என்று கணக்கிடப்படுவது. மதிப்பூதியத்துக்கு அந்தக் கணக்கே கிடையாது. அரிசி விலை ஏறினாலும், யாராவது மனம் வைத்து அறிவிக்கும்வரை அதே தொகைதான். நிரந்தர ஊழியர் பணியில் இருக்கும்போது இறந்தால், அவர் பிள்ளை கருணை அடிப்படையில் வேலை கேட்கலாம். ஒப்பந்தத் தொழிலாளியின் பிள்ளைக்கு அந்த வழி இல்லை.

மாணவர்கள் கவனிக்க வேண்டிய கணக்கு ஒன்று உண்டு. தமிழ்நாட்டில் 100 அரசுப் பணியிடங்கள் என்றால் 18 பட்டியல் சாதியினருக்கு. அதற்குள் 3 அருந்ததியருக்கு. பழங்குடியினருக்கு 1. அந்த 100 இடங்களும் ஒப்பந்ததாரரிடம் போனால் இந்த 19 இடங்களும் காணாமல் போகும். இடஒதுக்கீட்டுச் சட்டத்தில் ஒரு எழுத்தைக்கூட யாரும் மாற்ற வேண்டியதில்லை.

அரசு வேலை நம் மக்களுக்கு வெறும் சம்பளமாக இருந்ததில்லை. நிலம் இல்லாத குடும்பம், நிலம் வைத்திருப்பவர் வாசலில் கைகட்டி நிற்காமல் வாழ முடியும் என்பதை மாதாமாதம் வந்த அந்தச் சம்பளம்தான் காட்டியது. அம்பேத்கரின் தந்தை ராணுவத்தில் சுபேதாராக இருந்தவர். 1932 பூனா ஒப்பந்தம் சட்டமன்ற இடங்களோடு நிற்கவில்லை. பொதுப் பணிகளில் நியாயமான பங்கு வேண்டும் என்பதும் அதில் உள்ளது.

"ஒப்பந்தம் விட்டால் செலவு குறைகிறதே" என்பார்கள். ஒப்பந்ததாரர் லாபம் இல்லாமல் வரமாட்டார். அவர் லாபத்தையும் எடுத்துக்கொண்டு, அரசுக்கும் செலவு குறைகிறது என்றால், அந்தப் பணம் யார் கூலியிலிருந்து வருகிறது? ஒரே வேலையைச் செய்யும் தற்காலிக ஊழியருக்கும் அந்தப் பணிக்குரிய குறைந்தபட்ச ஊதிய விகிதம் தரவேண்டும் என்று 2016இல் பஞ்சாப் வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. நடுவில் ஒப்பந்ததாரரை நிறுத்துவதால், அந்த உரிமையைக் கேட்கும் வழி கடினமாகிறது.

ஊழியர் சங்கங்களும் யோசிக்க வேண்டும். கோரிக்கைப் பட்டியலில் ஓய்வூதியம் முதல் வரியிலும் ஒப்பந்தத் தொழிலாளர் கடைசி வரியிலும் இருக்கும்வரை, சம்பளத்தைக் காக்கும் போராட்டத்துக்கு ஊர் மக்கள் துணை நிற்கமாட்டார்கள். நிரந்தரப் பணியிடங்கள் சுருங்கச் சுருங்க, மிச்சம் இருப்பவர்களின் பலமும் குறையும்.

படித்த இளைஞர்கள் இப்போதே செய்யக்கூடிய வேலை ஒன்று இருக்கிறது. தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் உங்கள் ஊராட்சி ஒன்றியம், நகராட்சி, அரசு மருத்துவமனை ஆகியவற்றின் பொதுத் தகவல் அலுவலருக்கு மனு எழுதுங்கள். கட்டணம் 10 ரூபாய். அனுமதிக்கப்பட்ட பணியிடங்கள் எத்தனை, காலியிடம் எத்தனை, ஒப்பந்தத்தில் எத்தனை பேர், ஒரு தொழிலாளிக்கென்று ஒப்பந்ததாரருக்குக் கொடுக்கும் தொகை எவ்வளவு என்று கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். தொழிலாளியின் கைக்கு வருவது எவ்வளவு, வருங்கால வைப்பு நிதி கட்டப்படுகிறதா என்பதை அவர்களிடமே கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். ஒப்பந்ததாரர் கூலி தராவிட்டால், வேலை கொடுத்த அலுவலகமே தரவேண்டும் என்று 1970ஆம் ஆண்டு ஒப்பந்தத் தொழிலாளர் சட்டம் சொன்னதையும் அவர்களிடம் சொல்லுங்கள்.

ஊராட்சி பற்றிய பதிலை அடுத்த கிராம சபையில் எல்லோர் முன்னிலையிலும் படியுங்கள். காலியிடங்களை நிரப்பக் கோரும் தீர்மானத்தைப் பதிவேட்டில் எழுதச் சொல்லுங்கள்.