அடமா? அவதியா?

நம் வீடுகளில் மிக எளிதாகச் சொல்லப்படும் ஆறுதல் எது? ‘ஒன்றுமில்லை, வளர்ந்தால் சரியாகிவிடும்’ என்பதே. நல்லெண்ணத்தோடு சொல்லப்படும் இவ்வார்த்தை சில வேளைகளில் ஒரு குழந்தையின் காலத்தையே களவாடிவிடுகிறது. அக்களவைச் செய்தவர்களுள் நானும் ஒருவன். ஆதலால்தான் இதை எழுதத் துணிந்தேன்.

நான் இக்கல்லூரியில் சேர்ந்த ஆண்டு, ஆவணி மாதம். என் அக்காள் மகனுக்கு மூன்று வயது. குலதெய்வக் கோயிலில் மொட்டையடித்துக் காதுகுத்தினார்கள். தாய்மாமன் என்ற முறையில் அவனை என் மடியில் உட்கார வைத்தார்கள். காது குத்தும்போது எந்தப் பிள்ளைதான் அழாது? ஆனால் இவனோ ஆசாரி அருகில் வருமுன்னரே, மேளம் முழங்கிய மாத்திரத்தில், இரு காதுகளையும் பொத்திக்கொண்டு அலறினான். புதுச் சட்டையைப் பிய்த்தெறிந்தான். என் கையைக் கடித்தான். ஒரு காதைக் குத்தியதோடு விட்டுவிட்டோம்.

‘அடியாத மாடு படியாது’ என்றார் ஒரு பெரியவர். ‘செல்போனைக் கொடுத்தே கெடுத்துவிட்டாள்’ என்றார் மற்றொருவர். வளர்த்தவள் சரியில்லை என்பதே அன்றைய கூட்டத்தின் தீர்ப்பு.

இரவு அக்காள் என்னிடம் வந்தாள். “தம்பி, மிக்சி ஓடினால் நடுங்குகிறான். தயிர்ச்சோறு தவிர எதையும் வாயில் வைக்கமாட்டேன் என்கிறான். கூப்பிட்டால் திரும்புவதில்லை. நாலு வார்த்தைக்கு மேல் பேச்சும் வரவில்லை. இவனுக்கு ஏதாவது இருக்குமோ? நீ படிக்கிறவன், சொல்லுடா” என்றாள். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். தெரியாது என்று சொல்ல வெட்கமாக இருந்தது. “ஒன்றுமில்லை அக்கா, வெறும் அடம்” என்றேன். டாக்டரே சொல்லிவிட்டதுபோல் அவள் நம்பினாள். பத்து மாதங்கள் ஓடிவிட்டன.

விலங்கியல் வகுப்பில் உணர் உறுப்புகளைப் படித்தபோதுதான் என் அறியாமை என்னைச் சுட்டது. கண்ணும் காதும் தோலும் இடைவிடாது செய்தி அனுப்புகின்றன. அவற்றுள் வேண்டாதவற்றை மூளை ஒதுக்கிவிடுகிறது. அதனால்தான் உடுத்திய சட்டையின் உராய்வை நாம் நாள் முழுதும் நினைத்துக்கொண்டிருப்பதில்லை. சில குழந்தைகளுக்கு இந்த ஒதுக்கல் எளிதில் கைகூடுவதில்லை. மேளம் நமக்கு மங்கல ஓசை. அவர்களுக்கோ தலையில் விழும் அடி. அவதியில் துடிப்பவனை அடம் பிடிக்கிறான் என்று அடிப்பது எந்த ஊர் நியாயம்?

தாயைக் கூண்டிலேற்றும் வழக்கம் நம்மிடம் மட்டும் உள்ளதன்று. 1943இல் லியோ கானர் என்ற மருத்துவர் அமெரிக்காவில் 11 குழந்தைகளின் நிலையை விவரித்து, ஆட்டிசம் பற்றி எழுதினார். அதன்பின், தாயின் பாசக் குறைவே இதற்குக் காரணம் என்ற கருத்து அங்கே படித்தவர்களிடையே பல்லாண்டுகள் உலவியது. 1964இல் பெர்னார்ட் ரிம்லாண்ட் என்னும் உளவியலாளர் அதை மறுத்து நூல் எழுதினார். அவரே அத்தகைய ஒரு மகனின் தந்தை. அறிவியல் அப்பழியை என்றோ கைவிட்டுவிட்டது. நம் ஊர்த் திண்ணைகளில் மட்டும் அது இன்னும் உயிரோடிருக்கிறது.

ஓசைக்கு அஞ்சும் பிள்ளைக்கெல்லாம் ஆட்டிசம் என்று நான் கூறவில்லை. என் மருமகனுக்கே மருத்துவர்கள் இன்னும் உறுதியாக எந்தப் பெயரும் சொல்லவில்லை. பேச்சு வராத குழந்தைக்கு முதலில் காது கேட்கிறதா என்று பார்க்க வேண்டும் என்பதுகூட எங்களுக்குத் தெரியாது. அங்கன்வாடி ஆசிரியை சொன்ன பிறகுதான் மாவட்டத் தலைநகருக்குப் போனோம். 2013இல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தின்கீழ் மருத்துவக் குழுக்கள் அங்கன்வாடிகளுக்கு ஆண்டுக்கு இருமுறை வந்து பிள்ளைகளைப் பரிசோதிக்க வேண்டும். மேற்கொண்டு பார்ப்பதற்கென்று மாவட்ட இடையீட்டுச் சேவை மையங்கள் உள்ளன. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் கூறும் 21 வகைகளுள் ஆட்டிசமும் கற்றல் குறைபாடும் அடங்கும். இவையெல்லாம் இருந்தும், ‘வளர்ந்தால் சரியாகிவிடும்’ என்று வீட்டிலேயே உட்கார்ந்திருந்தால் யாருக்கு என்ன பயன்?

“பிள்ளைக்கு முத்திரை குத்திவிடுவார்களே!” என்று மாமா அஞ்சினார். அவர் அச்சம் பொய்யன்று. ஆனால் ‘அடங்காதவன்’, ‘மந்தம்’ என்ற முத்திரைகளை ஊர் முன்பே குத்திவிட்டதே! மருத்துவர் சொல்லும் பெயரோடு ஒரு வழியும் வரும். ஊர் வைக்கும் பெயரோடு வசவுதான் வரும்.

இன்று அக்காள் வாரம் ஒரு நாள் தீப்பெட்டி ஆபீஸ் கூலியை விட்டுவிட்டு, இரண்டு பஸ் மாறி, அவனைப் பயிற்சிக்கு அழைத்துப் போகிறாள். மையத்தில் சிகிச்சை இலவசம். இழந்த கூலிக்கும் பஸ் கட்டணத்திற்கும் வழியில்லை. இதுபற்றி ஆள்வோர் சிந்திக்க வேண்டும். வீட்டில் நாங்களும் மாறியிருக்கிறோம். மிக்சி போடுமுன் அவனிடம் சொல்லிவிட்டு வாசலுக்கு அழைத்துப் போகிறோம். சட்டைக் கழுத்தில் உள்ள துணிப்பட்டையை வெட்டிவிடுகிறோம். முன்பு கடித்தவன், இப்போது ‘வேணாம்’ என்று சொல்கிறான். அந்த ஒரு சொல்லுக்கு என் அக்காள் அழுதாள்.

நண்பர்களே! நம்மில் பலர் நம் குடும்பத்தின் முதல் பட்டதாரிகள். நாளை நம்மிடமும் ஒரு அக்காளோ அண்ணியோ வந்து கேட்பாள். நாம் மருத்துவர்கள் அல்லர். ஆயினும் நம் சொல்லுக்கு வீட்டில் எடை அதிகம். ஆகவே ‘ஒன்றுமில்லை’ என்று சொல்லாதீர்கள். ‘எனக்குத் தெரியவில்லை அக்கா, காட்டிப் பார்ப்போம், நானும் வருகிறேன்’ என்று சொல்லுங்கள். பேராசிரியப் பெருமக்களும், பிள்ளையின் சிகிச்சைக்காக ஒரு நாள் வராத மாணவனின் விடுப்புக் கடிதத்தைச் சற்றுப் பரிவோடு பார்க்க வேண்டுகிறேன்.

மற்றொரு காதை எப்போது குத்தப் போகிறீர்கள் என்று ஊரில் கேட்கிறார்கள். அவனால் பொறுத்துக்கொள்ள முடிகிற ஒரு நாளில், மேளமில்லாமல், என் மடியிலேயே குத்திக்கொள்ளலாம். அதற்கு ஒன்றும் அவசரமில்லை.