முன்வினை அல்ல, பார்க்கத் தவறிய வினை

குறைமாதத்தில் பிறந்த குழந்தைக்குப் பார்வை போனால் நம் ஊரில் இரண்டு காரணம் சொல்வார்கள். தாய் கிரகணத்தில் வெளியே போனாள் என்பது ஒன்று. முன்வினைப் பயன் என்பது மற்றொன்று. இரண்டும் பொய். உண்மைக் காரணத்தை நாம் தெரிந்துகொள்ள வேண்டும், தோழர்களே.

விழித்திரையின் ரத்தக்குழாய்கள் கருவில் கடைசி மாதம் வரை வளர்கின்றன. முன்கூட்டியே பிறந்தால் அந்த வளர்ச்சி தடைப்படுகிறது. பிறகு குழாய்கள் தாறுமாறாக வளர்ந்து விழித்திரையையே பிடுங்கிவிடலாம். பிறந்த வாரமும் எடையும் குறையக் குறைய ஆபத்து கூடும். அளவு பார்க்காமல் கொடுக்கும் ஆக்சிஜன், கிருமித் தொற்று, ரத்தம் ஏற்றுதல், பிறந்தபின் எடை கூடாமை ஆகியவை நோயைத் தீவிரமாக்கும். 1940களிலும் 50களின் தொடக்கத்திலும் பணக்கார நாடுகளின் இன்குபேட்டர்களில் ஆக்சிஜனைத் தாராளமாகத் திறந்துவிட்டதால் ஆயிரக்கணக்கான குழந்தைகள் பார்வை இழந்தார்கள். 1950இல் பிறந்த கருப்பினப் பாடகர் ஸ்டீவி வொண்டரின் பார்வையைப் பறித்ததும் இந்த நோய்தான்.

மருத்துவப் பட்டியல் இத்தோடு முடிகிறது. நான் அதை நீட்டச் சொல்கிறேன். ரத்தச்சோகை உள்ள தாய்க்குக் குறைமாதப் பிரசவ ஆபத்து அதிகம். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி இந்தியக் கர்ப்பிணிகளில் 52 சதவீதம் பேருக்கு ரத்தச்சோகை. பெண்கள் அனைவரையும் கணக்கில் எடுத்தால், பழங்குடி, தலித் பெண்களிடம் அது கூடுதல். தட்டில் என்ன விழுகிறது என்பதைச் சாதியும் கூலியும் தீர்மானிக்கும் நாட்டில், சாதியும் ஓர் ஆபத்துக் காரணிதான்.

அடுத்தது பரிசோதனை. 2 கிலோவுக்குக் குறைவாகவோ 34 வாரத்துக்கு முன்போ பிறந்த குழந்தையின் விழித்திரையை 30 நாளுக்குள் பார்க்க வேண்டும். மிகச் சிறிய குழந்தைகளுக்கு இன்னும் முன்னதாக. உரிய நேரத்தில் லேசர் செய்தால் பெரும்பாலும் பார்வையைக் காப்பாற்றலாம். வீட்டில் பார்த்தால் ஒன்றும் தெரியாது, கண் அழகாகவே இருக்கும். பாப்பாவில் வெள்ளை தெரியும்போது காலம் கடந்திருக்கும்.

1996இல் சென்னை அரசு மருத்துவமனை ஒன்றில் 29ஆம் வாரத்தில் பிறந்த பெண் குழந்தைக்கு இந்தப் பரிசோதனை நடக்கவில்லை. பெற்றோரிடமும் சொல்லவில்லை. 2015 ஜூலையில் உச்சநீதிமன்றம் சுமார் 1.8 கோடி ரூபாய் இழப்பீடு வழங்கச் சொன்னது. டெல்லி வரை வழக்காட முடியாத குடும்பங்கள் "தலையெழுத்து" என்று சொல்லிக்கொண்டு வீடு திரும்புகின்றன.

பெற்றோரின் அறியாமை என்று இதைத் தள்ளிவிடுவதை நான் ஏற்க மாட்டேன். யாரும் சொல்லாததை எப்படி அறிவது? கண் பரிசோதனை நாளை டிஸ்சார்ஜ் சீட்டில் தமிழில் எழுதி, வாயாலும் சொல்ல வேண்டும். வராதவர்களைத் தேடிப்போக வேண்டும். பயணச் செலவும் அன்றைய கூலியும் தர வேண்டும். குறைமாதக் குழந்தைகளைப் பார்க்கும் ஒவ்வொரு வார்டிலும் ஆக்சிஜனை அளந்து கொடுக்கும் கருவி இருக்க வேண்டும்.

உங்கள் தெருவில் குறைமாதக் குழந்தை பிறந்தால் கேளுங்கள்: "கண் டாக்டர் பார்த்தாச்சா? எத்தனை நாள் ஆச்சு?"